முதல் கவிதைத் தொகுப்பு: பணம் கேட்கும் பதிப்பகத்துக்குக் கொடுப்பதா, காத்திருப்பதா?

நாகாவதிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக வேலை பார்க்கிறேன். 11 ஆண்டுகளாகக் கவிதை எழுதிவருகிறேன். சிற்றிதழ்களில் 9 கவிதைகளும் இணைய இதழ்களில் ஏறத்தாழ 20 கவிதைகளும் வெளிவந்திருக்கின்றன. அவற்றோடு இதுவரை யாரும் பார்க்காத பலவற்றையும் சேர்த்து, 72 கவிதைகள் கொண்ட ஒரு கையெழுத்துப்படியை அணியம் செய்து வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் அதை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பத்தே நாளில் ஒப்புதல் வந்துவிட்டது. 96 பக்கம், 300 பிரதிகள், விலை 130 ரூபாய். செலவுக்காக நான் 38,000 ரூபாய் கொடுக்க வேண்டும். 100 பிரதிகள் எனக்கு, மீதி 200 பிரதிகள் அவர்களிடம் விற்பனைக்கு. ஒப்பந்தம் ஒரே பக்கம்தான். அதில் 'நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சார்ந்தவை' என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று எங்கும் இல்லை. எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. அவர்கள் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களிலும் என் கவிதைகளில் ஒன்றைப் பற்றிக்கூட ஒரு சொல் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தொகுப்பின் முதல் வடிவத்தை ஒரு சிறு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். ஆறு மாதம் எந்தத் தகவலும் இல்லை. நானே தொலைபேசியில் அழைத்தபோது, அதை நடத்துபவர், "பாதியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. திரும்ப அழைக்கவில்லை.

பணம் கொடுத்துப் போடுவது இப்போது வழக்கம்தானா? அப்படியானால் நானே அச்சிட்டுக்கொள்வதில் என்ன குறை? என் மனைவியோ, அந்தப் பணத்துக்கு மாடிப்படி கட்டிவிடலாம் என்கிறார். மூன்று ஆண்டுகளாக ஏணி வைத்துத்தான் மேலே ஏறுகிறோம் என்பதால் அவர் பேச்சைத் தட்டவும் முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குடமுருட்டி

ஆசிரியருக்கு வணக்கம். நான் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். கவிதை எழுதுபவன் அல்லன், படிப்பவன் மட்டுமே. ஆனால் நீங்கள் கேட்டிருப்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

கவிதைப் புத்தகத்துக்குச் சந்தைப் பணம் கிடைத்த காலம் தமிழில் எப்போதும் இருந்ததில்லை. யாரோ ஒருவர் கைப்பணத்தைப் போட்டுத்தான் அது நடந்திருக்கிறது. அந்த யாரோ ஒருவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். 1961இல் ந. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' எழுத்து பிரசுரமாக வந்தது. அடுத்த ஆண்டே, இதழில் வந்தவற்றிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்தெடுத்து 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பைப் போட்டார். பணமும் அவருடையது, சுமையும் அவருடையது. புத்தகங்களைப் பையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் போய் அவரே விற்றார். திருகோணமலையில் இருந்த தருமு சிவராமு என்ற இளைஞர், பின்னாளில் பிரமிள் என்று நாம் அறிந்தவர், தமிழ்நாட்டில் வாசகரைப் பெற்றது அந்த இதழின் வழியாகத்தான்.

அதற்குப் பிந்தைய தலைமுறையிலும் பாதை பெரிதாக மாறவில்லை. முதலில் ஓர் இதழ், அந்த இதழைச் சுற்றி நாலைந்து பேர், பிறகு அந்த நாலைந்து பேரின் புத்தகங்கள் என்றுதான் போயிற்று. 1970இல் தொடங்கிய 'கசடதபற' வட்டத்திலிருந்து வந்தவர் ஞானக்கூத்தன். அவருடைய 'அன்று வேறு கிழமை' 1973இல் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களோடு வந்தது. 'ழ' இதழை நடத்திய ஆத்மாநாமுக்கு உயிரோடு இருந்தவரை வந்தது ஒரே ஒரு தொகுப்புதான்: 1981இல் 'காகிதத்தில் ஒரு கோடு'. 1984இல் அவர் மறைந்த பிறகு, நண்பர் பிரம்மராஜன் விடாமல் தேடித் தொகுத்திராவிட்டால், இன்று நாம் படிக்கும் ஆத்மாநாம் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். சிவகங்கையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கவிஞர் மீரா, அன்னம் பதிப்பகத்தில் 'நவகவிதை வரிசை' என்றே தனியாக ஒன்றை வைத்து எண்பதுகளில் புதியவர்களைக் கொண்டுவந்தார். விக்ரமாதித்யனின் 'ஆகாசம் நீல நிறம்' அப்படி வந்ததுதான். தம் கவிதைகளுக்குச் செலவிட வேண்டிய காலத்தை மற்றவர்களின் நூல்களுக்கு மெய்ப்பு (அச்சுப்பிழை) பார்ப்பதில் செலவிட்டவர் மீரா என்பது என் வருத்தம். இங்கே அது வேண்டாம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். சபரிநாதனின் முதல் தொகுப்பு 'களம் காலம் ஆட்டம்' 2011இல் 'புது எழுத்து' வெளியீடாகவும், அடுத்த தொகுப்பு 'வால்' 2016இல் 'மணல்வீடு' வெளியீடாகவும் வந்தன. 2017இல் குமரகுருபரன்-விஷ்ணுபுரம் விருது தொடங்கப்பட்டபோது முதல் விருது அவருக்குத்தான் போயிற்று. பின்னர் அதே விருதைப் பெற்ற ச. துரையின் 'மத்தி' சால்ட் வெளியீடு. மதாரின் 'வெயில் பறந்தது' அழிசி வெளியீடு. இவற்றில் எதுவும் பெரிய நிறுவனம் அல்ல. இன்னொன்றைக் கவனியுங்கள்: புது எழுத்து காவேரிப்பட்டணத்திலிருந்து வந்தது, மணல்வீடு மேட்டூர்ப் பக்கத்து ஏர்வாடியிலிருந்து வருகிறது. இரண்டும் உங்கள் மாவட்டத்தின் இரு பக்கத்து அண்டை வீடுகள். நீங்கள் சென்னையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, "பாதியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்பதுதான். நீங்கள் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டீர்கள். படிக்காமல் அப்படி ஒரு சொல்லைச் சொல்ல முடியாது. எந்தப் பாதி மிஞ்ச வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். பத்தே நாளில் 72 கவிதைகளையும் ஏற்றுக்கொண்டவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், இரண்டு ஆண்டு தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரைத்தான் மறுபடி அழைப்பேன்.

மெய்ப்புத்தாள்

நூலகர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் 16 ஆண்டுகளாகப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறவன். என் பங்குக்கு, உங்களுக்கு வந்திருக்கும் கணக்கை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். கணக்கு ஆசிரியரான நீங்களே போட்டுப் பார்த்திருக்க வேண்டியது. ஆனால் தன் புத்தகம் என்று வந்துவிட்டால் யாருக்கும் கணக்கு வராது.

38,000 ரூபாயை 300 பிரதிகளுக்கு வகுத்தால் ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 127 ரூபாய் ஆகிறது. புத்தகத்தின் விலை 130 ரூபாய். புத்தகக் கடைகள் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு வரை கழிவு கேட்பார்கள். 35 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கடையிலிருந்து திரும்பி வருவது 84 ரூபாய் 50 காசு. அந்த 84 ரூபாயும் உங்களுக்கு வரப்போவதில்லை, அந்த 200 பிரதிகள் அவர்களுடையவை. உங்கள் கைக்கு வருவது 100 பிரதிகள் மட்டுமே என்பதால், நீங்கள் உண்மையில் உங்கள் புத்தகத்தைப் பிரதி 380 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். பதிப்பாளருக்கு இதில் ஒரு பிரதிகூட விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. விற்றால் லாபம், விற்காவிட்டால் இடம் மட்டும்தான் அடைபடும். பணம் கேட்பதையே நான் குறை சொல்லவில்லை. நாணயமாகச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் பதிப்பகங்களும் இருக்கின்றன. ஆனால் அச்சுச் செலவு முழுவதையும் நீங்களே தருகிறீர்கள் என்றால், அச்சாகும் பிரதிகள் முழுவதும் உங்களுடையவை. அவர்கள் விற்றுத் தருவதற்கு ஒரு கழிவு எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு மூன்று அச்சகங்களில் 70 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்துக்கான அளவு) மேப்லித்தோ தாள், 300 ஜி.எஸ்.எம். அட்டை, மேட் லேமினேஷன் என்று சொல்லி விலைப்புள்ளி வாங்கிப் பாருங்கள். வேறுபாடு எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது பக்கக் கணக்கு. 16 பக்கங்களைச் சேர்த்து அச்சிடும் ஒரு தொகுதியைப் பாரம் என்போம்; 96 பக்கம் என்பது ஆறு பாரம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், காணிக்கை, முன்னுரை, உங்கள் என்னுரை, பொருளடக்கம் எல்லாம் போனால் கவிதைக்கு 84 பக்கம் மிஞ்சும். 72 கவிதைகளில் குறைந்தது பதினைந்து கவிதைகள் இரண்டு பக்கம் ஓடும் என்று வைத்தாலே கணக்கு உதைக்கிறது. அப்போது என்ன செய்வார்கள் என்றால், ஒரு கவிதை முடிந்த இடத்துக்குக் கீழேயே அடுத்த கவிதையைத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்தின் அடியில் தலைப்பும் நான்கு வரியும் தொங்கும். மீதி மறுபக்கத்தில் இருக்கும். கவிதைக்கு அது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கம் திரும்பும் இடம்தான் கவிதைப் புத்தகத்தில் மிக ஆபத்தான இடம். சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு தவறு செய்தேன். ஒரு கவிதையில் முதல் பத்தி சரியாகப் பக்கத்தின் கடைசி வரியில் முடிந்தது. அடுத்த பத்தி மறுபக்கத்தின் முதல் வரியில் தொடங்கியது. நடுவில் இருந்த இடைவெளி பக்க மடிப்புக்குள் காணாமல் போய்விட்டது. 'அவள் கதவைத் திறக்கவில்லை' என்று நின்று, மூச்சு விட்டு, பிறகு வேறொருத்தியைப் பற்றித் தொடங்க வேண்டிய கவிதை அது. படிக்கும்போது இரண்டு பெண்களும் ஒருத்தியாகிவிட்டார்கள். மெய்ப்பு பார்த்த மூன்று பேர் கண்ணிலும் படவில்லை, கவிஞர் கண்ணில் மட்டும் பட்டது, 200 பிரதிகள் கட்டிய பிறகு. பிழைதிருத்தச் சீட்டை ஒவ்வொரு பிரதியிலும் என் கையாலேயே ஒட்டினேன். ஆகவே யார் வெளியிட்டாலும் சரி, இறுதி மெய்ப்பை அச்சுக்குப் போகும் அதே அளவில் தாளில் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் படித்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். தட்டச்சுக் கோப்பை வாட்ஸப் செய்தியாக அனுப்ப வேண்டாம். வரி உடைப்பும் பத்தி இடைவெளியும் அதில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

உரிமை பற்றி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். ஆகவே காலம் எழுதாத அந்த வரி உங்களைச் சாகும்வரை கட்டிவைக்காது. அதற்காகக் கையெழுத்திட்டுவிட வேண்டாம். பிற்பாடு வழக்காடுவதைவிட இப்போது ஒரு வரியை மாற்றச் சொல்வது எளிது. 'இந்த ஒரு பதிப்புக்கு மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு' என்று எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு உரிமையும் மின்னூல் உரிமையும் உங்களிடமே இருக்கட்டும். நூலக ஆணை (பொது நூலகங்களுக்காக அரசு மொத்தமாக வாங்கும் ஆணை) கிடைத்தால் அந்தத் தொகையில் உங்களுக்கு என்ன பங்கு என்பதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். கவிதைப் புத்தகத்தில் ஓரளவு பணம் மொத்தமாக வரக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஒப்பந்தங்கள் வாய்திறக்காமல் இருப்பதும் அந்த இடத்தில்தான்.

நீங்களே அச்சிடுவதானால் 300 பிரதி தேவையில்லை. டிஜிட்டல் அச்சில் 50 பிரதிகூடப் போடலாம். தீர்ந்தால் அதே கோப்பிலிருந்து இன்னொரு 50. ஒரு பிரதியின் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் கட்டிலுக்கு அடியில் 180 பிரதிகளை வைத்துக் கரையானுக்குக் காவல் இருக்க வேண்டாம். நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. தம் நூலைத் தாமே வெளியிடும் ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். கஷ்டம் அதற்கப்புறம்தான். அஞ்சல் துறை பதிவு நூல் அஞ்சல் சேவையை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது, ஒரே ஒரு கவிதைப் புத்தகம் கேட்கும் வாசகருக்கு அனுப்புவது சிறு பதிப்பாளர்களுக்குக் கையைக் கடித்தது. யாராவது கேட்டால் இரண்டு புத்தகமாக வாங்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

ஆலங்குடியாள்

குடமுருட்டி ஐயா சொன்ன வரலாறு உண்மைதான். ஆனால் 'ஓர் இதழ், அதைச் சுற்றி நாலைந்து பேர்' என்று ஐயா சொன்ன அந்த நாலைந்து பேரில் பெண் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. மாலையில் ஆசிரியரோடு டீக்கடையில் நின்று பேசவும், கூட்டம் முடிந்து கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பவும் முடிந்தவர்களுக்குத்தான் அந்தப் பாதை திறந்திருந்தது. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்த சல்மாவின் கவிதைகள், புனைபெயரில், வீட்டாருக்குத் தெரியாமல் தாயார் கை வழியாகத்தான் அஞ்சலுக்குப் போயின. 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' வந்தது. சுகிர்தராணியின் முதல் தொகுப்பு 'கைப்பற்றி என் கனவு கேள்' 2002இல் வந்தவாசியின் ஒரு சிறு பதிப்பகத்திலிருந்து வந்தது. காலச்சுவடு பதிப்பகம் அவரை வெளியிட்டது அதற்கு அடுத்த தொகுப்பில்தான். அதே 2002இல் வந்த குட்டி ரேவதியின் 'முலைகள்' தலைப்புக்காகவே எத்தனை வசை வாங்கியது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அவர் பிறகு 'பனிக்குடம்' என்று பெண்களுக்காகவே ஓர் இதழையும் பதிப்பகத்தையும் நடத்தினார். அந்தத் தேவை ஏன் வந்தது என்பதையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் செவிலியர். என் கையெழுத்துப்படியைப் படித்த ஒரு சிறு பதிப்பாளரும் "குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்றுதான் சொன்னார். எவற்றை என்று கேட்டேன். பிரசவ வார்டு பற்றிய 11 கவிதைகளையும் எடுத்துவிடச் சொன்னார். 'ஒரே வாடையாக இருக்கிறது' என்றார். அந்த 11 கவிதைகளுக்காகத்தான் நான் புத்தகமே போட நினைத்தேன். கடைசியில் 100 பிரதிகளை நானே அச்சிட்டேன். ஐந்து மாதத்தில் 64 விற்றன, பெரும்பாலும் மருத்துவமனைகளில். இரவுப் பணி அறையில் ஒரு பிரதி கை மாறிக்கொண்டே இருந்து, அட்டை கிழிந்து, யாரோ அதற்குப் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். எந்த இதழிலும் மதிப்புரை வரவில்லை என்பதும் உண்மைதான். அதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆகவே ஆசிரியர் ஐயா, அந்தப் பதிப்பாளரை மறுபடி அழையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாதியைக் குறைக்கச் சொல்கிறார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வல்லைவெளி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் வசிப்பவன். இந்த உரையாடலில் எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கவிதை நூல் எப்படி வெளிவருகிறது என்பதைப் பற்றியே பேசுகிறோம். முப்பது ஆண்டுகளின் பின் அது எங்கே இருக்கும் என்பதையும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சிறுவெளியீடு என்பது போரோடு சேர்ந்தே நடந்தது. எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. 31 கவிஞர்களின் 82 அரசியல் கவிதைகள் அடங்கிய 'மரணத்துள் வாழ்வோம்' 1985இலும், பெண் கவிஞர்களின் 'சொல்லாத சேதிகள்' 1986இலும் வந்தன. இவை சில நூறு வீடுகளின் அலுமாரிகளில் இருந்த நூல்கள். அந்த வீடுகள் பின்னர் என்னவாயின என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. எனது மாமா வீட்டில் இருந்த, இவற்றில் ஒன்றின் பிரதி, 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது அரிசிப் பையோடு கூடவே வந்தது. முதல் 8 பக்கங்கள் இல்லாமல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

'சொல்லாத சேதிகள்' தொகுப்பில் எழுதிய சிவரமணி, 1991இல் இறப்பதற்கு முன் தன்னிடம் இருந்த கவிதைகளை எரித்துவிட்டார். 1993இல் வெளிவந்த அவரது தொகுப்பில் 22 கவிதைகள் இருக்கின்றன. அவை எஞ்சியமைக்கு, இதழ்களிலும் தோழிகளிடமும் முன்னரே போய்ச் சேர்ந்திருந்தன என்பதே காரணம். எவ்வளவு சிறிய இதழாயினும், ஒரு கவிதை அதில் ஒருமுறை அச்சாகிவிட்டால், எழுதியவர் கையை விட்டு அது வெளியேறிவிடுகிறது.

எனவே ஆசிரியருக்கு எனது ஆலோசனை சிறியது. உங்கள் நாட்டின் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளியாகி 30 நாட்களுள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர் பலர் இதைச் செய்வதில்லை. நீங்களே வெளியிட்டால் தவறாமல் அனுப்புங்கள். வேறொருவர் வெளியிட்டால் அனுப்பினாரா என்று கேளுங்கள். அச்சுக்குப் போன இறுதிக் கோப்பின் ஒரு படியை உங்களிடமும் வைத்திருங்கள். ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் செய்த பணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒருவர் தேடி எடுத்து மின்வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றியிராவிட்டால் இன்று பல நூல்கள் தலைப்பாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

நாகாவதிக்கரை

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் குவிந்துவிட்டன.

மெய்ப்புத்தாள் அண்ணன் சொன்னபடி, பணம் கேட்ட பதிப்பகத்துக்கு உரிமை வரியையும் நூலக ஆணைப் பங்கையும் பற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. உரிமை பற்றி ஒன்றும் இல்லை. 'உங்களுக்காக 29,000 ரூபாய்க்குச் செய்து தருகிறோம்' என்று மட்டும் இருந்தது. அதற்கு நான் மறுமொழி அனுப்பவில்லை.

பிறகு இரண்டு நாள் தயங்கிவிட்டு, பழைய பதிப்பாளரை அழைத்தேன். என் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் 'கரும்பலகை துடைக்கிற பையன் கவிதை எழுதியவரா?' என்று கேட்டார். ஆலங்குடி அக்கா சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பாதியை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். 'பள்ளிக்கூடம் இருக்கட்டும், நிலா எல்லாம் போகட்டும்' என்றார். வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 23 கவிதைகளில் நிலா இருந்தது. இத்தனை ஆண்டு எனக்கு அது தெரியவே இல்லை. ஆனால் ஏரி வற்றிய ஆண்டைப் பற்றிய இரண்டு கவிதைகளிலும் நிலா இருக்கிறது; அவற்றை மட்டும் எடுக்க மனம் வரவில்லை, அவரிடம் வாதாடிப் பார்க்கப்போகிறேன். வேறு சிலவும் போக, இப்போது கையில் 44 இருக்கின்றன. அவற்றுள் இதுவரை எங்கும் வராதவற்றில் ஆறு கவிதைகளை முதலில் இதழ்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். தொகுப்பு அடுத்த ஆண்டுதான் என்கிறார். பணம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டுமா என்பது என் அடுத்த கேள்வி. வீட்டில் இதற்கிடையில் மாடிப்படிக்குச் செங்கல் இறங்கிவிட்டது.

மெய்ப்புத்தாள்

பேசிவிடுங்கள். கூச்சப்படுவதால்தான் இந்தத் துறையில் பாதி நட்புகள் கெடுகின்றன. எத்தனை பிரதி போடுவார், உங்களுக்கு எத்தனை தருவார், அதற்கு மேல் வேண்டுமென்றால் உங்களுக்கு என்ன கழிவு, உரிமைத்தொகையைப் பணமாகத் தருவாரா பிரதியாகத் தருவாரா என்ற நான்கையும் கேட்டு, அவர் சொல்வதை ஒரு மின்னஞ்சலாக அவருக்கே எழுதி அனுப்பி, 'சரிதானே?' என்று கேட்டு வையுங்கள். சிறு பதிப்பகங்கள் பலவற்றில் தனியாக ஒப்பந்தம் போடும் பழக்கம் இல்லை. அதனால் அந்த மின்னஞ்சலும் அதற்கு அவர் தரும் பதிலும்தான் பின்னால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

44 கவிதை என்றால் 64 பக்கம், நான்கு பாரம், தாராளமாகப் போதும். ஒவ்வொரு கவிதையும் புதுப் பக்கத்தில் தொடங்கலாம். இதழ்களில் வந்தவற்றுக்கு எந்த இதழ், எந்த மாதம் என்ற பட்டியலை இப்போதே எழுதத் தொடங்குங்கள். நன்றிப் பக்கத்துக்கு வேண்டும், கடைசி நேரத்தில் தேடினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். ஏரிக் கவிதைகள் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்க முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.